இரவுக் குண்டுவீச்சுப் பெண்கள்: சோவியத் 46-ஆவது கார்ட்ஸ் ரெஜிமென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘இரவுச் சூனியக்காரிகள்’ என்ற தலைப்பில் ஒரு பழைய புகைப்படமும் நாலு வரியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. அதைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. யாருங்க இவங்க? சுருக்கமா சொல்லுங்க.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் விமானப் படையின் 588-ஆவது இரவுக் குண்டுவீச்சு ரெஜிமென்ட் (படைப்பிரிவு). 1942 ஜூனில் போர்முனையில் பறக்கத் தொடங்கி, 1945 மே வரை பறந்தது. 1943 பிப்ரவரியில் ‘கார்ட்ஸ்’ என்ற சிறப்புத் தகுதி பெற்று 46-ஆவது கார்ட்ஸ் ரெஜிமென்ட் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில், கருங்கடல் ஓரத்துத் தாமன் தீபகற்பத்தை மீட்ட போரில் ஆற்றிய பங்குக்காக ‘தாமன்’ என்ற அடைமொழியும் சேர்ந்தது.

விமானி, நேவிகேட்டர் (வழி சொல்பவர்), மெக்கானிக், குண்டு மாட்டுபவர் என்று எல்லோரும் பெண்கள். தளபதி யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா. பணித்திட்டங்களைக் கவனித்த தலைமை அலுவலர் இரீனா ரகோபோல்ஸ்கயா. போர் முடியும்வரை பறப்புகளின் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது. இந்த ரெஜிமென்ட்டில் 23 பேருக்கு ‘சோவியத் ஒன்றிய வீரர்’ பட்டம் கிடைத்தது. அந்நாட்டின் மிக உயர்ந்த விருது அதுதான்.

2. ‘சூனியக்காரி’ன்னு பேர் வெச்சது யாரு? அவங்களே வெச்சிக்கிட்டதா?

இல்லை, ஜெர்மானியச் சிப்பாய்கள் வைத்த பெயர். இருட்டில் இன்ஜின் சத்தமே இல்லாமல் காற்று உரசும் ‘உஸ்’ என்ற ஒலி மட்டும் தலைக்கு மேல் வரும். அடுத்த நொடி குண்டு விழும். அந்த ஒலிதான் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியை நினைவூட்டியது. ஒலி எங்கிருந்து வந்தது என்பதை 7-ஆம் கேள்வியில் பாருங்கள்.

சொந்தப் படையில் இருந்த ஆண் விமானிகள் வைத்த பெயர் வேறு: ‘டுன்கா ரெஜிமென்ட்’. யெவ்தோகியா என்ற பெயரின் பட்டிக்காட்டுச் சுருக்கம் டுன்கா. தளபதியின் பெயரை வைத்து நக்கலாகச் சொன்னது அது. கார்ட்ஸ் தகுதி வந்தபின் அந்த நக்கலுக்கு இடமில்லாமல் போயிற்று. எதிரி வைத்த பெயர்தான் இன்று பரவலாக வழங்குகிறது என்றாலும், ‘46-ஆவது தாமன் கார்ட்ஸ்’ என்பதே அவர்கள் உழைத்துப் பெற்ற பெயர்.

3. போர் வந்த உடனே இத்தனை பெண் விமானிகள் எங்கிருந்து வந்தாங்க?

போர் வந்தபின் வந்தவர்கள் அல்லர். 1930-களில் சோவியத் நகரங்களில் பறத்தல் கழகங்கள் நிறைய இருந்தன. ஆலையில் வேலை பார்த்த பெண்கள், கல்லூரி மாணவிகள் எனப் பலரும் அங்கே பறக்கக் கற்றார்கள். சிலர் பயிற்சியாளர்களாகவே இருந்தார்கள். கற்ற விமானமும் பின்னாளில் போருக்கு எடுத்துச் சென்ற விமானமும் ஒன்றே: யூ-2.

இவர்களை ஒன்றுசேர்த்தவர் மரீனா ரஸ்கோவா. 1938 செப்டம்பரில் கிரிஸொதூபவா, ஒஸிபென்கோ ஆகியோருடன் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்குவரை இறங்காமல் பறந்த மூவரில் அவர்தான் நேவிகேட்டர். போர் தொடங்கியதும் ‘நாங்களும் வருகிறோம்’ என்று பெண்களிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. 1941 அக்டோபர் 8-ஆம் தேதி ஆணையின்படி மூன்று பெண்கள் ரெஜிமென்ட்டுகள் அமைந்தன. சராத்தோவ் நகருக்கு எதிரே, வோல்கா கரையில் உள்ள எங்கெல்ஸ் ஊரில் பயிற்சி. பறந்த அனுபவம் உள்ளவர்கள் விமானிகள் ஆனார்கள். கணிதம், இயற்பியல், வானியல் படித்துக்கொண்டிருந்த மாணவிகளில் பலர் நேவிகேட்டர்கள் ஆனார்கள். முதல் கட்டளைகளில் ஒன்று, நீளப் பின்னலை வெட்டித் தலைமுடியை ஆண்களைப்போலக் குட்டையாக்குவது.

4. மூணு ரெஜிமென்ட்லயும் பெண்கள் மட்டும்தானே?

இந்த ஒன்றில்தான் கடைசிவரை பெண்கள் மட்டும். 586-ஆவது, யாக்-1 ரகப் போர்விமானங்களுடன் நகரங்களையும் ரயில் சந்திப்புகளையும் காத்தது. அதைப் பின்னாளில் அலெக்சாந்தர் கிரித்னெவ் என்ற ஆண் அதிகாரி நடத்தினார். 587-ஆவது, பெ-2 ரகப் பகல்நேரக் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியது. ரஸ்கோவா அதன் தளபதி. 1943 ஜனவரி 4 அன்று, ஸ்தாலின்கிராத் முனைக்கு விமானங்களைக் கூட்டிச்செல்லும்போது பனிப்புயலில் சிக்கி அவர் இறந்தார். அதன்பின் பொறுப்பேற்றவர் வலென்தின் மார்கோவ். பெ-2 விமானத்தில் மூவர் பறக்க வேண்டும். அதனால் அந்த ரெஜிமென்ட்டில் ஆண்களும் இருந்தார்கள்.

5. யூ-2ன்னா அமெரிக்க உளவு விமானம்தானே?

பெயர் மட்டும்தான் ஒன்று. இது நிக்கொலாய் பொலிக்கார்ப்போவ் வடிவமைத்து, 1920-களின் இறுதியில் பறக்கத் தொடங்கிய பயிற்சி விமானம். 1944-இல் அவர் இறந்தபின் அவர் நினைவாகப் ‘போ-2’ என்று பெயர் மாற்றினார்கள். யூ-2, போ-2 இரண்டும் ஒரே விமானம்.

மரச்சட்டம், அதன்மேல் துணி, துணியை விறைப்பாக்கப் பூசிய மெருகு. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, நடுவே கம்பிகள். ஐந்து சிலிண்டர் எம்-11 இன்ஜின், 100 குதிரைத்திறன் சொச்சம். உச்ச வேகமே மணிக்கு 150 கி.மீ.தான், குண்டுகளோடு போனால் 100-ஐ ஒட்டி. விமானியும் நேவிகேட்டரும் திறந்த குழிகளில் முன்னும் பின்னுமாக உட்கார வேண்டும். ரேடியோ கிடையாது, ரப்பர் குழாய் வழியாகப் பேசிக்கொள்வார்கள். கவசம் கிடையாது. 1944 வரை பின்னால் இயந்திரத் துப்பாக்கிகூடக் கிடையாது. இடுப்பில் கைத்துப்பாக்கி மட்டும்.

நல்ல பக்கமும் உண்டு. வயல்வெளி, கிராமத்துச் சாலை எதிலும் இறங்கும். துணியில் துளை விழுந்தால் விடிந்ததும் ஒட்டுப்போட்டு, மெருகு பூசி, அடுத்த இரவுக்குத் தயாராக்கிவிடலாம்.

6. ஓட்டுறது ஒருத்தர். பின்னாடி உட்கார்ந்த நேவிகேட்டருக்கு என்ன வேலை?

வழி சொல்வது, இலக்கைக் கண்டுபிடிப்பது, குண்டை விடுவிப்பது மூன்றும் அவர் வேலை. விளக்கே இல்லாத நாட்டின்மேல் வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், ஆற்றின் வளைவு, ரயில் தண்டவாளத்தின் மங்கிய மினுக்கம் இவற்றை வைத்துத்தான் வழி. இலக்கை நெருங்கியதும் சிறு பாராசூட்டில் தொங்கி எரியும் ஒளிக்குண்டைக் கையாலேயே வெளியே எறிவார். அதுவரை அது அவர் மடியில்தான் இருக்கும். தொடக்கத்தில் முறையான குறிகருவி இல்லை. இறக்கையில் போட்ட அடையாளக் கோடுகளை வைத்துக் குறிபார்த்தார்கள். பிறகு வந்த எளிய கருவிக்கு ‘பி.பி.ஆர்.’ என்று பட்டப்பெயர். ‘வேகவைத்த டர்னிப்பைவிட எளிது’ என்ற ரஷ்யச் சொலவடையின் முதலெழுத்துகள் அவை.

பயிற்சி விமானம் என்பதால் பின்குழியிலும் ஓட்டும் தடி உண்டு. நேவிகேட்டர்கள் விமானிகளிடமே கேட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1943 ஏப்ரலில் நொவரஸ்ஸீஸ்க் வானில் விமானி யெவ்தோகியா நோசல் குண்டடிபட்டு இறந்து, உடல் தடியின்மேல் சாய்ந்தது. நேவிகேட்டர் கஷிரினா எழுந்து நின்று, ஒரு கையால் அவர் உடலைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறுகையால் விமானத்தை ஓட்டிவந்து தளத்தில் இறக்கினார். ரெஜிமென்ட்டின் முதல் ‘சோவியத் ஒன்றிய வீரர்’ பட்டம் நோசலுக்கு, மறைவுக்குப் பின் கிடைத்தது.

7. நிஜமாவே இன்ஜினை நிறுத்திட்டா குண்டு போட்டாங்க? நடுவானத்துல திரும்ப எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்க?

அதிகம் வரும் கேள்வி இதுதான். வழக்கமாகச் செய்தது, திராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்து இன்ஜினை மெதுவாகச் சுழலவிடுவது. கீழிருந்து கேட்பவருக்கு இன்ஜின் நின்றுவிட்டதுபோல இருக்கும். முழுதாக அணைப்பது சூதாட்டம். எம்-11 இன்ஜினைத் தரையில் மெக்கானிக் புரொப்பல்லரைக் கையால் சுழற்றித்தான் உயிர்ப்பிப்பார். விமானத்துக்குள் ஸ்டார்ட்டர் கிடையாது. காற்றில் நின்றுபோனால், மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்து, காற்றே புரொப்பல்லரைச் சுழற்றினால்தான் உண்டு. தரை பக்கத்தில் இருக்கும்போது அதற்கு உயரம் போதாது.

ஒரு தாக்குதல் இப்படிப் போகும். 1,000 மீட்டருக்கு மேல் ஏறி இலக்கை நெருங்குவார்கள். நேவிகேட்டர் ஒளிக்குண்டை எறிவார். விமானி திராட்டிலைக் குறைத்துச் சறுக்கத் தொடங்குவார். அப்போது இறக்கைகளுக்கு இடையே உள்ள கம்பிகளில் காற்று உரசும் ஒலிதான் அந்த ‘உஸ்’. குழாயில் நேவிகேட்டர் ‘இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், அப்படியே’ என்று சொல்லிக்கொண்டே வருவார். பிடியை இழுத்ததும் குண்டுகள் கழன்று, பாரம் குறைந்த விமானம் சட்டென்று மேலே துள்ளும். உடனே முழு விசை, திரும்பல், ஓட்டம். சில நூறு மீட்டருக்குக் கீழே இறங்கிப் போட்டால் சொந்தக் குண்டின் சிதறலே துணியைக் கிழித்துவிடும். அதனால் ஆசைப்பட்டு அதிகம் இறங்கக் கூடாது.

தவறு நேர்வது பெரும்பாலும் சறுக்கலின் முடிவில். குளிரில் வெகுநேரம் மெதுவாகச் சுழன்ற இன்ஜின் ஆறிப்போயிருக்கும். திராட்டிலைத் திடீரென்று திறந்தால் செருமிக்கொண்டு நின்றுவிடலாம். குண்டு விழுந்தபின் இன்ஜின் சத்தமும் புகைபோக்கித் தீப்பொறியும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தேடுவிளக்குகள் பிடிப்பது அப்போதுதான். வருவதைவிடத் திரும்புவதுதான் ஆபத்து.

8. இவ்வளவு மெதுவா போற விமானத்தை ஏன் சுலபமா சுட்டு வீழ்த்த முடியலை?

வீழ்த்தினார்கள், ஆனால் நினைப்பதுபோலச் சுலபமில்லை. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானம் காற்றில் நிலைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே யூ-2 பறக்கும் வேகத்தைவிட அதிகம். பின்னால் வருபவன் ஓரிரு நொடிகள் மட்டும் இலக்கைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவான். அதற்குள் யூ-2 பள்ளத்தாக்கிலோ மரங்களின் மேலோ தாழ்ந்து மறைந்துவிடும். இரவு என்பது இன்னொரு பாதுகாப்பு.

தரையிலிருந்து வரும் ஆபத்து வேறு கதை. தேடுவிளக்கு பிடித்துவிட்டால் விமானிக்குக் கண் கூசி மேல் கீழ் தெரியாமல் போய்விடும். ஒளியைப் பார்க்காமல் தலையைக் குழிக்குள் தாழ்த்தி, கருவிகளை மட்டும் பார்த்து, பக்கவாட்டில் சறுக்கி வெளியேற வேண்டும். சிலசமயம் ஒரு விமானம் வேண்டுமென்றே சத்தம் போட்டு விளக்குகளைத் தன் பக்கம் இழுக்கும்; இன்னொன்று அமைதியாகச் சறுக்கி வந்து குண்டு போடும். அடுத்த சுற்றில் இடம் மாறிக்கொள்வார்கள். தீப்பிடிக்கும் குண்டு ஒன்று பட்டாலும், மெருகு பூசிய துணி நிமிடங்களில் எரிந்துவிடும்.

9. ஒரே ராத்திரியில 18 தடவை பறந்தாங்கன்னு போட்டிருக்கே, கணக்கு உதைக்குதே?

உதைக்காது. பகலில் தங்கும் தளம் பின்னால் இருக்கும். இருட்டத் தொடங்கியதும் போர்முனைக்கு மிக அருகில் உள்ள ஒரு தற்காலிகத் திடலுக்கு விமானங்கள் வந்துவிடும். அங்கிருந்து இலக்கு சில பத்துக் கிலோமீட்டர்தான். குளிர்கால இரவு 14 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 18 பறப்புக்கு ஒவ்வொன்றுக்கும் 46 நிமிடம். நதேழ்தா போபோவா அப்படி 18 முறை பறந்தவர். ஆனால் அது உச்சம். ஐந்து முதல் பத்து என்பதே வழக்கமான இரவு. கோடை இரவுகள் குட்டை. அப்போது இன்னும் குறையும்.

இந்தக் கணக்கில் பறக்கும் நேரத்தைவிடத் தரையில் நிற்கும் நேரம்தான் முக்கியம். விதிப்படி ஒரு மெக்கானிக் ஒரு விமானத்துக்கு மட்டும் பொறுப்பு. அவரே எரிபொருள் ஊற்றி, சரிபார்த்து, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் நாலு விமானம் இறங்கினால் சிலர் திணறுவார்கள், சிலர் சும்மா நிற்பார்கள். இந்தப் பெண்கள் அதை மாற்றிக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு இறங்கும் விமானத்தை எதிர்கொள்ளும், ஒன்று எரிபொருள் நிரப்பும், ஒன்று குண்டு மாட்டும், ஒன்று அனுப்பிவைக்கும். எந்த விமானம் வந்தாலும் எல்லோரும் கைவைக்கலாம். ஐந்து நிமிடம் ஒட்டி விமானம் மறுபடி மேலே. விமானி பெரும்பாலும் குழியை விட்டே இறங்குவதில்லை. மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால், கீழே இருப்பவனுக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. அதுதான் நோக்கம்.

இவர்களுக்கும் தூக்கம் இல்லை. திரும்பும் வழியில் ஒருவர் ஓட்ட ஒருவர் கண்ணயர்வார். 1942-இல் கலினா தகுதோவிச் என்ற நேவிகேட்டர் இரு பறப்புகளுக்கு இடையே திடல் புல்லில் படுத்துத் தூங்கிப்போக, இருட்டில் வந்த எரிபொருள் லாரி அவர்மேல் ஏறிவிட்டது. முதுகெலும்பில் காயம், மாதக்கணக்கில் மருத்துவமனை. ஓய்வெடுக்கச் சொன்ன மருத்துவச் சீட்டைக் காட்டாமல் மறைத்துவிட்டு மீண்டும் பறக்க வந்தார்.

10. குண்டு மாட்டுறவங்க பத்தி யாருமே எழுதறதில்லையே?

சரியான கேள்வி. எங்களுக்கும் அதுதான் குறை. ஒரு குண்டு 50 கிலோ, சில 100 கிலோ. அவற்றைத் தூக்கக் கருவி இல்லை. கீழ் இறக்கை தரையை ஒட்டி இருப்பதால் நிமிர்ந்து நிற்க முடியாது. சேற்றிலோ பனியிலோ மண்டியிட்டு, குண்டை முழங்காலிலும் மார்பிலும் தாங்கி, கொக்கியைத் தடவிப் பிடித்து மாட்ட வேண்டும். எதிரி பார்த்துவிடக் கூடாதே என்று வெளிச்சமும் கிடையாது. வெடிமுனையைத் திருகுவதும் பாதுகாப்பு ஊசியைச் சரிசெய்வதும் விரல் நுனியில் செய்யும் வேலை. கையுறையோடு முடியாது. உறைபனியில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

ஓர் இரவில் இப்படி ஒரு பெண் தூக்கிய பாரம் டன் கணக்கில் போகும். போர் முழுக்க இந்த ரெஜிமென்ட் போட்ட குண்டு சுமார் 2,900 டன். பறப்புக் கணக்கோடு வகுத்தால் ஒரு பறப்புக்குச் சராசரி 120 கிலோ சொச்சம். 1944 வாக்கில் ஒரே தடவையில் 300 கிலோவரைகூட ஏற்றினார்கள். அந்த 2,900 டன்னும் பெண்கள் கையால் தூக்கி மாட்டியது.

கொக்கி சரியாக விழாவிட்டால் குண்டு கழலாமல் தொங்கிக்கொண்டே திரும்பும். அப்படியே தரையிறங்கினால் அதிர்வில் விழுந்து வெடிக்கலாம். நேவிகேட்டர் குழியிலிருந்து இறக்கைமேல் இறங்கி, கையால் தள்ளிவிட்ட நிகழ்வுகள் உண்டு.

11. பாராசூட் குடுக்கலையா, இல்ல இவங்களே வேண்டாம்னாங்களா?

1944 கோடைவரை பாராசூட் இல்லாமலே பறந்தார்கள். அதன் எடைக்கு இன்னும் கொஞ்சம் குண்டு எடுத்துப்போகலாம் என்பது ஒன்று. 600 மீட்டரில் எரியும் விமானத்திலிருந்து குதித்தாலும் எதிரி மண்ணில்தான் விழ வேண்டும் என்பது இன்னொன்று. எரிந்தாலும் எப்படியாவது நம் பக்கம் சறுக்கி வந்துவிடலாம் என்று நம்பினார்கள்.

1944 ஆகஸ்டில் போலந்தில் தத்யானா மக்காரவா, வேரா பெலிக் இருவரும் எரியும் விமானத்தோடு சோவியத் பக்கத்தில்தான் விழுந்தார்கள். பாராசூட் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். பின்னர் பாராசூட் கட்டாயமானது. அதே ஆண்டு டிசம்பரில் ஓல்கா சன்ஃபீரவாவும் ருஃபீனா காஷெவாவும் எரியும் விமானத்திலிருந்து குதித்தார்கள். இருவரும் உயிரோடு தரைக்கு வந்தார்கள். ஆனால் விழுந்த இடம் கண்ணிவெடி நிலம். சன்ஃபீரவா அதில் இறந்தார். காஷெவா தப்பி வந்தார்.

12. உடை, குளிர் இதெல்லாம் எப்படிச் சமாளிச்சாங்க?

கொடுத்தது ஆண்களுக்குத் தைத்த சீருடை, ஆண்களின் உள்ளாடை, ஆண்களின் பூட்ஸ். பூட்ஸுக்குள் துணியும் காகிதமும் திணித்துத்தான் நடக்க முடிந்தது. பிறகு பெண்களுக்கான உடை வந்தது. திறந்த குழியில் பனிக்காற்று முகத்தை அறுக்கும்.

ஒளிக்குண்டுகளின் சிறு பாராசூட் பட்டில் உள்ளாடை தைத்துக்கொண்ட இரண்டு பெண்கள்மீது, இராணுவச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு வந்து, பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ரெஜிமென்ட் அவர்களை விட்டுக்கொடுக்கவில்லை, பணியிலேயே வைத்துக்கொண்டது. பின்பு இருவரும் நேவிகேட்டர்களாகப் பறந்தார்கள். அவர்களில் ஒருவர் போரில் இறந்தார்.

13. ஒரே ராத்திரியில எட்டுப் பேர் இறந்தாங்களாமே, என்ன நடந்தது?

1943 ஜூலை 31 இரவு, குபான் பகுதியில் ஜெர்மானியர் அமைத்திருந்த ‘நீலக் கோடு’ அரண். வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் சென்றன. தேடுவிளக்குகள் எரிந்தன, ஆனால் பீரங்கிகள் சுடவே இல்லை. அந்த அமைதிதான் பொறி. ஜெர்மானியர் இரவில் வேட்டையாடும் போர்விமானத்தை மேலே நிறுத்தியிருந்தார்கள். அது அடிபடக் கூடாது என்பதற்காகவே தரையில் சுடுவதை நிறுத்தியிருந்தார்கள். விளக்கில் சிக்கிய விமானத்தைப் பின்னாலிருந்து சுடுவது மட்டுமே அதன் வேலை.

நாலு விமானங்கள் வானிலேயே எரிந்து விழுந்தன. க்ருதோவா, சலிகோவா, விசோட்ஸ்கயா, தகுதோவிச், ரோகோவா, சுகோருகோவா, பொலுனினா, கஷிரினா. லாரி ஏறிப் பிழைத்த தகுதோவிச் (9), நோசலின் விமானத்தை இறக்கிய கஷிரினா (6) இருவரும் இந்த எட்டில் இருக்கிறார்கள். யாருக்கும் பாராசூட் இல்லை. அன்றைய மீதிப் பறப்புகளைத் தளபதி நிறுத்திவிட்டார்.

8-ஆம் கேள்வியில் சொன்ன பாதுகாப்பு எங்கே உடையும் என்பதை இந்த இரவு காட்டுகிறது. மெதுவாகப் பறக்கும் விமானம் இருட்டில் இருக்கும்வரைதான் தப்பும். ஒளியில் நிறுத்திவிட்டால் அதே மெதுவே அதைக் கொன்றுவிடும்.

14. 100 கிலோ குண்டை வெச்சு என்ன சாதிக்க முடியும்? எல்லாம் பிரசாரம்தானே?

ஒரு குண்டு ஒரு படையை அழிக்காது. அப்படிச் சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் பாலம், ஆற்றுக் கடவு, வெடிமருந்துக் கிடங்கு, எரிபொருள் வண்டி, தலைமையகம் இருக்கும் கிராமம் இவையெல்லாம் முனைக்குப் பின்னால் சில கிலோமீட்டருக்குள் இருப்பவை. அவற்றுக்கு 100 கிலோ போதும். அதைவிட முக்கியம் தொந்தரவு. வெளிச்சம் போட முடியாது, அடுப்பு மூட்ட முடியாது, வண்டி நகர்த்த முடியாது, தூங்க முடியாது.

எதிரி செய்ததே இதற்குச் சான்று. 1942-இலேயே ஜெர்மானியர் தங்கள் பழைய பயிற்சி விமானங்களான ஆராடோ 66, கோத்தா 145 ஆகியவற்றை வைத்து இதே வேலைக்குத் தனி இரவுப் பிரிவுகள் அமைத்தார்கள். சோவியத் படையிலும் யூ-2 ஓட்டிய ஆண்கள் ரெஜிமென்ட்டுகள் பல இருந்தன. இந்த உத்தி பெண்களுக்கென்று உருவானது அல்ல. பிரசாரம் இவர்களைப் பயன்படுத்திக்கொண்டது உண்மைதான். ஆனால் அவர்கள் பறந்த இரவுகள் ஒன்றும் பிரசாரம் அல்ல.

15. குண்டு போடறதைத் தவிர வேற ஏதாவது செஞ்சாங்களா?

1943 நவம்பரில் கிரிமியாவின் கெர்ச் அருகே எல்டிகன் கரையில் சோவியத் வீரர்கள் இறங்கி, ஒரு சிறிய நிலத்துண்டில் சிக்கிக்கொண்டார்கள். கடல் வழியை ஜெர்மானியப் படகுகள் அடைத்துவிட்டன. ஒரு மாதத்துக்கும் மேலாக அவர்களுக்கு ரொட்டி, தோட்டா, மருந்து எல்லாம் வானிலிருந்துதான் வந்தன.

குண்டு மாட்டும் கொக்கிகளில் மூட்டை கட்டிப் போனார்கள். உயரத்திலிருந்து போட்டால் மூட்டை கடலிலோ எதிரியிடமோ விழும். எனவே சில பத்து மீட்டர் உயரத்துக்கு இறங்கி, இன்ஜினைத் தணித்து, கீழே இருப்பவர்களைக் கூவி அழைத்துவிட்டுப் போடுவார்கள். மேலிருந்து பெண் குரல் கேட்டதும் மூட்டை வருகிறது என்று கீழே தெரிந்துவிடும். இங்கே மெதுவாகப் பறக்கும் விமானம்தான் வேலைக்கு ஆனது.

16. லிதியா லித்வியாக் இந்த ரெஜிமென்ட்தானே?

இல்லை. அவர் போர்விமானி, 586-ஆவது ரெஜிமென்ட்டில் தொடங்கி (4), பிறகு ஆண்கள் ரெஜிமென்ட்டுகளில் யாக் விமானம் ஓட்டினார். 1943 ஆகஸ்ட் 1 அன்று திரும்பி வரவில்லை. எட்டுப் பேர் இறந்த அந்த இரவும் அவர் காணாமல்போன நாளும் அடுத்தடுத்து வருவதால் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள். அவை வேறு வேறு போர்முனைகள்.

17. அமெரிக்கா, பிரிட்டன்லயும் பெண் விமானிகள் இருந்தாங்களே, வித்தியாசம் என்ன?

அங்கே பெண்கள் போரில் சுட அனுப்பப்படவில்லை. அமெரிக்காவின் வாஸ்ப் அமைப்பில் பயிற்சி முடித்த 1,074 பேர் புதிய விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். பீரங்கிப் பயிற்சிக்கு இலக்குத் துணியை இழுத்துப் பறந்தார்கள். 38 பேர் இறந்தார்கள். சட்டப்படி அவர்கள் சிவிலியன்கள்; முன்னாள் படையினர் என்ற தகுதி 1977-இல்தான் கிடைத்தது. பிரிட்டனில் விமானங்களைக் கொண்டுசேர்த்த ஏடிஏ அமைப்பின் பெண்கள் ஸ்பிட்ஃபயர் முதல் பெரிய குண்டுவீச்சு விமானம்வரை ஓட்டி ஒப்படைத்தார்கள். 1943-இல் ஆண்களுக்கு இணையான சம்பளம் பெற்றார்கள். அதுவும் ஆபத்தான வேலைதான். ஆனால் எதிரி முனையைத் தாண்டிக் குண்டு போட்ட பெண்கள் ரெஜிமென்ட் சோவியத் தரப்பில் மட்டுமே.

18. எத்தனை பேர் இறந்தாங்க? மத்தவங்க போருக்கு அப்புறம் என்ன ஆனாங்க?

விபத்து, நோய் எல்லாம் சேர்த்து முப்பது பேரை ஒட்டி. முதல் நான்கு மரணங்கள் போர்முனைக்குப் போகும் முன்பே, 1942 மார்ச்சில் எங்கெல்ஸ் பயிற்சியின்போது பனிப்புயலில் நேர்ந்தவை. தரையிறங்கும் திடலிலும் உயிர் போனது. வழிகாட்ட மூன்று அரிக்கேன் விளக்குகள்தான்; 1943 வசந்தத்தில் இருட்டில் ஒரு விமானத்தின்மேல் இன்னொன்று இறங்கி மூன்று பேர் இறந்தார்கள். நான்காமவரான கஸாக் பெண் ஹியூவாஸ் தஸ்பனோவா கால்கள் நொறுங்கியும் திரும்பி வந்து பணியாற்றினார்.

ரெஜிமென்ட்டின் தலைமை நேவிகேட்டர் யெவ்கேனியா ருத்னெவா, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வானியல் படித்தவர். புதிய விமானிகள் முதலில் பறக்கும்போது அவரே கூடப் போவார். 1944 ஏப்ரல் 9 இரவு கெர்ச் அருகே, 645-ஆவது பறப்பில், ஒரு புதிய விமானியோடு எரிந்து விழுந்தார். வயது 23. 1907 என்ற எண்ணுள்ள குறுங்கோளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1945 அக்டோபரில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. 1,008 முறை பறந்த இரீனா செப்ரோவா உட்படப் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் படையை விட்டு வந்தார்கள். ரகோபோல்ஸ்கயா இயற்பியலுக்குத் திரும்பி, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அண்டக் கதிர்கள் துறையில் பேராசிரியர் ஆனார். உயிரோடு இருந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே 2 அன்று மாஸ்கோவில் போல்ஷோய் அரங்கின் முன் உள்ள சதுக்கத்தில் கூடினார்கள்.

19. தேடும்போது ஒரே ஆள் ரெண்டு பேர்ல வராங்களே, எதை நம்புறது?

பெரும்பாலும் இரண்டும் சரி. போருக்குப் பின் திருமணமானதும் குடும்பப் பெயர் மாறியது. 980 முறை பறந்த நதாலியா மெக்லின்தான் பின்னாளில் நதாலியா கிராவ்த்சோவா. லரீசா ரஸானவாதான் லித்வினவா. போர்க்கால ஆவணத்தில் தேடினால் முதல் பெயர், பிற்கால நினைவுக் குறிப்பில் தேடினால் இரண்டாம் பெயர். யெவ்தோகியா, யெவ்கேனியா, நதேழ்தா போன்ற பெயர்களுக்கு தூஸ்யா, ழென்யா, நாத்யா என்று செல்லப்பெயர்களும் உண்டு. கடிதங்களில் அவைதான் வரும்.

பெயரோடு பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பதிவில் 588 என்றும் இன்னொன்றில் 46 என்றும் இருந்தால் 1943 பிப்ரவரிக்கு முன்னா பின்னா என்று பாருங்கள் (1). விமானம் யூ-2-வா போ-2-வா என்ற குழப்பத்துக்கு 5-ஆம் கேள்வி.